துடைத்து வைத்த படுக்கை

படுக்கை விரிப்பில் சுருக்கம் இருந்தால் எனக்குப் பிடிக்காது, ஐயா. அதனாலேயே என்னிடம் வேலை பழகிய நர்ஸுகள் முதுகுக்குப் பின்னால் என்னை 'இஸ்திரிப் பெட்டி' என்பார்கள்.

மூன்றாம் மாடியில் தீவிர சிகிச்சை வார்டுக்கு நான்தான் தலைமை நர்ஸ். கீழே அவசரப் பிரிவிலிருந்து படுக்கை கேட்டு எனக்குத்தான் போன் வரும். ரெடி என்று நான் சொன்னால்தான் ஸ்ட்ரெச்சர் நகரும். சில நேரம் படுக்கை காலியாக இருந்தாலும் க்ளீனிங் நடக்கிறது என்று இழுத்தடிப்போம். என் நர்ஸுகளும் ஒரு வாய் டீ குடிக்க வேண்டாமா? எல்லா வார்டிலும் நடப்பதுதான்.

போன மழைக்காலத்தில் என் தம்பி மேல் லாரி மோதிவிட்டது. யாரோ தூக்கிவந்து அவசரப் பிரிவில் சேர்த்திருக்கிறார்கள். நெஞ்சில் அடிபட்டு, கீழ் நடைபாதையில் ஸ்ட்ரெச்சரிலேயே மூச்சுக்குத் தவித்துப் போய்ச் சேர்ந்தான். எனக்குத் தகவல் தெரிந்தபோது முகத்தை மூடிவிட்டிருந்தார்கள். நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. அங்கிருந்த டாக்டரைக் கேட்டேன்.

"மேல பெட் இல்லன்னுட்டாங்க சிஸ்டர். நான் என்ன பண்றது?" என்று கையை விரித்தார்.

வயிறு எரிந்தது. அவரும் ஒருநாள் அதே நடைபாதையில் நிற்கட்டும் என்று காத்திருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை அவர் மனைவியைக் கொண்டுவந்தார்கள். மூச்சுத் திணறல், கீழே இருந்த சுவாசக் கருவி எதுவும் காலியில்லை. அந்த அம்மாவின் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. வழியில் பார்த்தால் நலம் விசாரிப்பார். டாக்டரே போன் செய்தார்.

"சிஸ்டர், என் வொய்ஃப். பெட் ரெடியா?"

"க்ளீன் பண்றாங்க சார்."

மறுபடி கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன். அவர் குரல் உடைந்தபோது எனக்கு வயிறு குளிர்ந்தது, பொய் சொல்வானேன். படுக்கை காலையிலிருந்தே காலி. விரிப்பின் ஓரத்தை மெத்தைக்கடியில் செருகிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவரே படியேறி ஓடிவந்துவிட்டார்.

"காலியாத்தானே இருக்கு?"

"இப்பதான் ரெடியாச்சு சார். அனுப்பச் சொல்லுங்க."

அதற்குள் அவர் கையிலிருந்த போன் அடித்தது. கீழே எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. அந்தப் படுக்கையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆமாம், தெரிந்துதான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டு சாவையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். தம்பி கிடந்த அன்றைக்கும் போனை எடுத்தது நான்தான். அன்றைக்கும் படுக்கை காலியாகத்தான் இருந்தது. க்ளீனிங் என்றுதான் சொன்னேன். "ஒரு ஆக்ஸிடென்ட் கேஸ்" என்றாரே தவிர, யார் என்று அந்த டாக்டர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உடனே கொடுத்திருப்பேன். சொல்லாமல் விட்டது அவர் குற்றம்தானே, ஐயா?