வெட்டாத எட்டுப் பக்கங்கள்

தலைவர் நாற்காலி காலியாக இருக்கும் இந்த மேடைக்கும், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தலைவரின் துணைவியார் தோன்யா நெல்பா அவர்களுக்கும், இன்றுகூடப் பையில் புத்தகத்தை மறைத்து வந்திருக்கும் நம் வாசிப்புச் சங்கத்தாருக்கும் வணக்கம்.

தோன் எவாரிஸ்தோ பெர்தூசி! துறைமுகத்தில் முப்பதாண்டு எழுத்தர், நம் சங்கத்தின் நிறுவனத் தலைவர். மொந்தேவிதேயோவின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், தக்காளிக் கூடைக்கும் துருப்பிடித்த குழாய்களுக்கும் நடுவே, தரையில் விரித்த பழம்புத்தகங்களுக்கு அவரைப்போல் முதுகு வளைத்தவர் யார்? ஒரு காபி விலைக்கு மூன்று என்றால் ஆறு வாங்குவார். குளியல் தொட்டியிலும் அடுக்கிவிட்டுப் பக்கத்து வீட்டில் போய்க் குளித்த மனிதர்!

குவியலைப் பார்த்து ஒருநாள் மிரண்டுபோய்த்தான் இச்சங்கத்தைத் தொடங்கினார். இருப்பதை முடிக்காமல் புதிதாக வாங்கக் கூடாது என்பது விதி. சந்தையில் கிடைக்கும் பழைய பதிப்புகளில் தாள்கள் மடித்தபடியே ஒட்டியிருக்கும்; படிப்பவர்தான் மடிப்பைக் கத்தியால் வெட்டித் திறக்க வேண்டும். அதனால் படித்ததாகப் பொய் சொல்ல முடியாது. மாதந்தோறும் அவர் மடிப்புகளைத் தடவிப் பார்ப்பார். மாட்டிக்கொண்டவர் அனைவருக்கும் மாத்தே என்ற மூலிகைத் தேநீர் ஊற்ற வேண்டும். நான் ஓராண்டு முழுக்க ஊற்றினேன்.

ஒன்பதாண்டு படித்தார். தொட்டி வெளியே தெரிந்தது. நாம் கைதட்டினோம். சென்ற சனிக்கிழமை என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

“செயலாளரே, கடைசிப் புத்தகத்துல இருக்கேன். பயமா இருக்குய்யா. நாளைக்குச் சந்தையில ஏதாவது ஒண்ணு வாங்கிட்டு வா.”

விதி போட்டதே நீங்கள்தானே என்று சிரித்தேன்.

“விதி கிடக்கட்டும். படிக்காதது ஒண்ணு இருக்கிற வரைக்கும் நம்மள மேலேருந்து யாரும் கூப்பிட மாட்டாங்கன்னுதானே வாங்கிக் குவிச்சேன்” என்றார்.

சந்தைக்குப் போனேன். அவருக்கு வாங்கவில்லை. விதியை மீறி எனக்கு இரண்டு வாங்கினேன். செவ்வாய்க்கிழமை அவர் காலமாகிவிட்டார். இதைச் சொல்லாமல் அவரைப் புகழ எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் புத்தகத்தையும் அவருடைய கத்தியையும் தோன்யா நெல்பா இன்று காலை என்னிடம் கொடுத்தார். கடைசி எட்டுப் பக்கங்கள் வெட்டப்படவே இல்லை. நீங்களே முடித்துவிடுங்கள் என்றார்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி கூறும் இடம் இது. கூறுகிறேன். இனி நம்மில் எவரும் கடைசிப் புத்தகத்தோடு தனியாக இருக்க மாட்டோம். கேட்டவருக்கு ஞாயிறன்றே ஒன்று வாங்கிக் கொடுப்போம். இதுவே புது விதி.

இந்த எட்டுப் பக்கங்களை இப்போது உங்கள் முன் வெட்டிப் படிக்கப் போகிறேன். எனக்கும் பயமாக இருக்கிறது. யாராவது ஒருவர் மேலே வந்து புத்தகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.