ஹெனகன் மேடு

இல்லம்மா, அந்த நனைஞ்ச கோட்டைக் கழட்டி அடுப்புப் பக்கமாவே போடுங்க. காயாது, இருந்தாலும் போடுங்க. எங்க மேயோ ஜில்லா மழை அப்படி. உக்காருங்க. நாய் ஒண்ணும் பண்ணாது, ஆள் வந்தாலே அதுக்கு அதிசயம், அதான் குலைக்குது.

டெரிமோர்ங்கிற பேருல எத்தனை ஊரு பாத்தீங்க? மூணா? அட, இந்தப் பக்கம் டெரிமோருக்கா பஞ்சம்! அரை மைலுக்கு ஒரு பேரு, அதுல பாதி டெரிமோர். சிகாகோவுல உக்காந்துக்கிட்டு வரைபடத்துல தேடுனா எப்படிம்மா கிடைக்கும்? கப்பல் ஏறுறப்போ எந்த ஊருன்னு கேட்டிருப்பான், உங்க கொள்ளுத்தாத்தா டெரிமோர்னு சொல்லிட்டு ஏறிட்டாரு. அவருக்குத் தெரிஞ்சது ஒரே டெரிமோர்தானே. சர்க்கரை நான் போட்டுட்டேன், கலக்கிக்குங்க.

இங்க வழி காட்டுனது யாரு, பார் வச்சிருக்கானே ஸ்வீனி, அவனா? சிரிச்சானா? இல்ல, சும்மா கேட்டேன். ஹெனகன்னு பேரைச் சொன்னதும் உள்ள இருந்தவங்கல்லாம் திரும்பிப் பாத்திருப்பாங்களே. பாத்தாங்கல்ல? தெரியும். ஹெனகன் மேட்டுக்குப் போங்கன்னு சொன்னான், சரி. அங்க யாரு இருக்காங்கன்னு சொன்னானா? சொல்ல மாட்டான். கெட்டிக்காரப் பய.

விஷயம் இதான். இங்க ஒவ்வொரு வயலுக்கும் பேரு உண்டு. வரைபடத்துல இருக்காது, ஊரு வாயிலதான் இருக்கும். சன்னல் வழியாப் பாருங்க, வேலிக்கு அந்தப் பக்கம் தண்ணி நிக்குதே, அது குருட்டுக் குதிரை வயலு. குதிரை செத்தது எந்தக் காலமோ. அதுக்கு மேல கல்லுச் சுவரு வரைக்கும் ஏறிப் போகுது பாருங்க, அதான் ஹெனகன் மேடு. ஆமாம்மா, உங்க ஹெனகன்தான். ஆன்டனி ஹெனகன். அடடா, அழாதீங்க. இவ்வளவு தூரம் வந்தது வீண் போகல, போதுமா? டீயைக் குடிங்க.

வீடா? வீட்டு விஷயத்துக்கு வரேன், இருங்க.

குத்தகை கட்ட முடியலன்னு துரையோட ஆளுங்க வந்து கூரையைப் பிரிச்சாங்க. உங்க கொள்ளுத்தாத்தா சம்சாரம் அடுப்பு நெருப்பை ஒரு சட்டியில அள்ளிக்கிட்டுப் போயி பக்கத்து வீட்டு அடுப்புல சேத்துட்டுத்தான் வண்டி ஏறுச்சாம். திரும்பி வந்து வாங்கிக்கலாம்னு. அப்போ ஊரு கூடி ஒரு கட்டுப்பாடு போட்டுச்சு. துரத்தப்பட்டவன் நிலத்தை எவனும் எடுக்கக் கூடாது. முள்ளு முளைச்சுக் கெடக்கட்டும், துரைக்கு ஒரு பென்னி போகக் கூடாது. எல்லாரும் கட்டுப்பட்டாங்க, ஒருத்தனைத் தவிர. அவனுக்கு வீடு நிறைய புள்ளைங்க, கையில இருந்தது வெறும் பாறை நிலம். துரைகிட்டப் போயிக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கிட்டான். ஊரு தள்ளி வச்சிருச்சு. குதிரைக்கு லாடம் அடிக்க மாட்டேன்னுட்டாங்க, கடையில மாவு இல்லன்னுட்டாங்க. சர்ச்சுல அவன் பொண்டாட்டி உக்காந்த பெஞ்சுல இருந்து மத்தவங்க எந்திரிச்சுப் போயிட்டாங்க.

நீங்க நினைக்கிறது சரிதான், அந்தாளு செத்து நூறு வருஷம் ஆச்சு. அதனால என்ன? இப்போ யாரும் வாயைத் திறந்து சொல்றதில்ல. மழையைப் பத்திப் பேசுவாங்க, மாட்டு விலையைப் பத்திப் பேசுவாங்க. பக்கத்துல மட்டும் உக்கார மாட்டாங்க. நாலு தலைமுறையா அந்தக் குடும்பம் இந்த மேட்டுல கல்லு பொறுக்கி, வடிகால் வெட்டி, முதுகு ஒடிஞ்சு கெடக்குது. அவங்க பேரை ஒருத்தன் சொல்லணுமே! ஹெனகன் மேட்டுல புல்லு அறுத்தாச்சான்னுதான் கேப்பானுங்க, மூஞ்சிக்கு நேரா. ஆச்சுன்னு பதிலும் சொல்லிட்டு வரணும்.

இங்க சாவு விழுந்தா அக்கம்பக்கத்து ஆளுங்கதாம்மா குழி தோண்டணும். பெத்த புள்ள மண்வெட்டியைத் தொடக் கூடாது, அதான் வழக்கம். அந்த வீட்டுப் பெரியவரு போனப்போ, யாராவது வருவாங்கன்னு புள்ளைங்க ரெண்டு பேரும் கல்லறைத் தோட்டத்துல காத்துக்கிட்டே நின்னாங்க. பாதிரியார் எட்டிப் பாத்துட்டு அப்படியே போயிட்டாரு. ஒரு ஈ காக்கா வரல. கடைசியில அண்ணனும் நானுமே தோண்டுனோம். மழை வேற.

ஆமாம்மா. நான்தான், டொமினிக் லாஃப்டஸ். நிலத்தை எடுத்தது என் கொள்ளுத்தாத்தா. நீங்க தேடி வந்த வீட்டுலதான் உக்காந்துருக்கீங்க. கூரை மட்டும் புதுசு.

எந்திரிக்காதீங்க, ஒரு நிமிஷம். ஒரே ஒரு உதவி. என்னோட ஸ்வீனி கடை வரைக்கும் வாங்க. பேச வேண்டாம், என் பக்கத்துல உக்காந்து ஒரு கோப்பை டீ குடிங்க, போதும். மத்தவங்க ஆயிரம் சொல்லலாம், ஹெனகன் வீட்டுப் பொண்ணே உக்காந்துருச்சுன்னா அதுக்கு மேல யாரு என்ன சொல்ல முடியும்? அண்ணனும் பொழைப்பு தேடி லீட்ஸுக்குப் போயி அங்கயே செத்துட்டான். எனக்குன்னு யாரும்...

சரி. கார் சாவியை எடுத்துட்டீங்க. இல்லம்மா, கோவமெல்லாம் இல்ல. உங்க தப்பு என்ன இருக்கு, நான் கேட்டதுதான் அதிகப்படி. உங்க குடும்பம் வாங்குன அடி அப்படி, எனக்குப் புரியுது. போற வழியில ஸ்வீனி கடையில நிறுத்துங்க, உங்களைத் தலையில தூக்கி வச்சுக் கொண்டாடுவாங்க. நல்லவங்கதான், நான் குறை சொல்ல மாட்டேன்.

பாத்து, கதவோரம் மண்வெட்டி இருக்கு, தடுக்கிடப் போகுது. ஆமா, ஈர மண்ணுதான், காலையில ஒட்டுனது. அப்பா பக்கத்துலயே கொஞ்சம் கொஞ்சமாத் தோண்டிக்கிட்டிருக்கேன். இந்தக் குளிரைத் தாண்ட மாட்டேன்னு டாக்டர் சொல்லிட்டாரு, தெம்பு இருக்கறப்பவே முடிச்சிடணும்ல. இடுப்பு வரைக்கும் வந்துருச்சு.