ஹால் சுவரிலிருந்து என் படத்தை நானே கழற்றியது குறித்து

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு முகவரி ஆகியவற்றை முதல் தாளில் தனியாக எழுதிக் கொடுத்துவிட்டேன். வயது எழுபத்திரண்டு. பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனைவி காலமான பிறகு மகன், மருமகளுடன் மகன் வீட்டில் வசித்து வருகிறேன். இதற்கு முன் எந்தப் போலீஸ் ஸ்டேஷன் படியும் ஏறியது கிடையாது. நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன் என்று ரைட்டர் ஐயா சொன்னார். நானே எழுதுகிறேன் என்று சொல்லிப் பேனாவைக் கேட்டு வாங்கினேன். நேரம் ஆகுமே பெரியவரே என்றார். ஆகட்டும் என்றேன். புகார் கொடுத்தவர் கையை ஆட்டி ஆட்டி வேகமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேகமாகச் சொன்னால் அது உண்மை ஆகிவிடாது.

நான் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு அவரைத் தாக்கினேன் என்றும், தள்ளிவிட்டுக் காயப்படுத்தினேன் என்றும், டிவி சுவரின் அலங்காரத்தை வேண்டுமென்றே உடைத்தேன் என்றும் புகாரில் உள்ளது. இதை யாரும் எனக்கு வாசித்துக் காட்டவில்லை, நானே படித்தேன். இதில் ஸ்பானர் இருந்தது உண்மை. மற்றவை பொய். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு ஹாலில் டிவி மாட்டியிருக்கும் சுவர் முன்பு வெறும் சுவராக இருந்தது. டிவிக்கு நேர் எதிரே என்னுடைய பச்சை ஒயர் நாற்காலி கிடந்தது. சோபா இருக்கும்போது நாற்காலி எதற்கு என்று கேட்கலாம். எனக்கு முழங்கால் சரியாக மடங்காது. அந்தச் சோபா உட்காருகிற ஆளை விழுங்கிவிடும், வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஆகவே நாற்காலி. மாலை நேரங்களில் நூலக மாடியில் பெரியவர்களுக்கு நடக்கும் எழுத்து வகுப்புக்கு நான் போகிறேன். அங்கே கற்றதை வீட்டில் பழகுவது டிவியில்தான். செய்தி வாசிக்கும்போது அடியில் ஒரு வரி ஓடும். ஆரம்பத்தில் ஒரு சொல்லைப் பிடிப்பதற்குள் வரி ஓடிவிடும். பேருந்து கிளம்பிய பிறகு கம்பியைப் பிடித்துத் தொற்றுவது போன்ற வேலை அது. அதே வரி மறுபடி வரும்போது அடுத்த சொல்லைப் பிடிப்பேன். மழை எங்கே பெய்தது என்று தெரிந்துகொள்வதற்குள் அந்த மழையே விட்டிருக்கும். நாளாக ஆக முக்கால் வரி வரை கைக்கு வந்தது. ஒரு நாள் மகன் பார்த்துவிட்டு, "என்னப்பா, டிவியோட பேசிக்கிட்டு இருக்கீங்க" என்று கேட்டான். "பேசலடா, படிக்கிறேன்" என்றேன். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுதினால் இந்தத் தாள் போதாது. நாற்காலி அங்கே எதற்காகக் கிடந்தது என்பது இந்த வழக்குக்கு அவசியம் என்பதால் இவ்வளவு எழுதினேன்.

அதன் பிறகு, டிவி சுவரை அழகுபடுத்த வேண்டும் என்று மருமகள் முடிவு செய்து ஓர் அலங்காரக்காரரைக் கூட்டி வந்தாள். தலைமுடியைப் பின்னால் சேர்த்து ரப்பர் போட்டிருப்பார். அவர்தான் இந்தப் புகார்தாரர். அவர் இரண்டு கை விரல்களையும் சட்டம் போல வைத்து அதன் வழியாகச் சுவரைப் பார்த்தார், அதன் பிறகு தள்ளி நின்று பார்த்தார், அதன் பிறகு, "மேடம், இந்தச் சுவர் பேசணும்" என்றார். "பேசறதுக்குத்தான் டிவி இருக்கே தம்பி" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. "மாமா, தூசி வரும், நீங்க உள்ள போய் உட்காருங்க" என்று மருமகள் சொன்னாள். உள்ளே போனேன்.

அதன் பிறகு டிவியைச் சுற்றிக் கருங்கல் மாதிரித் தெரியும் பலகைகளை ஒட்டினார்கள். பலகைகளுக்கு நடுவே மரப்பட்டைகள் வந்தன, பட்டைகளுக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு வைத்தார்கள். வேலை நன்றாகத்தான் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் நாற்காலியின் பச்சை சுவரோடு ஒட்டவில்லை என்று புகார்தாரர் சொன்னதன் பேரில், நாற்காலி பின்னறையில் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் போனது. "தூசி அடங்கட்டும் மாமா, கொண்டுவந்து போட்டுடலாம்" என்றாள் மருமகள். தூசி அடங்கியது. நாற்காலி வரவில்லை. கேட்டேன். பார்க்கலாம் மாமா என்றாள். மறுபடி கேட்டேன். வாஷிங் மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை போலும். பின்னறை வாசலில் நின்று பார்த்தால் டிவி கோணலாகத் தெரியும். அடியில் ஓடும் வரி எறும்பு ஊர்வது போல இருக்கும். எறும்பைப் படிக்க எந்த வகுப்பிலும் சொல்லித் தருவதில்லை.

அதன் பிறகு டிவிக்கு மேலே கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. "இந்த இடத்துல ஒரு முகம் வேணும் மேடம்" என்று புகார்தாரர் சொல்லி, மருமகளின் போனில் இருந்த படங்களை எல்லாம் தள்ளித் தள்ளிப் பார்த்தார். மகனின் கல்யாணத்தில் எல்லோரும் சேர்ந்து எடுத்த படத்தில் என்னைக் கண்டுபிடித்தார். பக்கத்தில் நின்ற அத்தனை பேரையும் வெட்டிவிட்டு, என் சட்டையில் இருந்த நிறத்தையும் உறிஞ்சிவிட்டு, கறுப்பு வெள்ளையில் டிவி அகலத்துக்குப் பெரிதாக்கிக் கறுப்புச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார். "தாத்தா முகத்துல என்ன ஒரு அமைதி பாருங்க" என்றார். அது அமைதி அல்ல. அன்று எனக்குப் பல்வலி. வாயைத் திறந்தால் உயிர் போகும் என்பதால் மூடிக்கொண்டு நின்றேன்.

அந்தப் படத்தின் சட்டத்தைச் சுற்றியும் விளக்கு வைத்தார்கள். பொழுது சாய்ந்தால் அது தானாக எரியும். முதல் நாள் அதைப் பார்த்ததும் எனக்கே என்மேல் பரிதாபம் வந்தது. "ஏம்மா, செத்தவங்க படம் மாதிரி இருக்கே" என்று மருமகளிடம் சொன்னேன்.

"சும்மா இருங்க மாமா, எவ்வளவு கம்பீரமா இருக்கு. வர்றவங்க எல்லாம் யாருன்னு கேட்கறாங்க."

"கேட்டா, பின்னறையில இருக்காருன்னு சொல்றியா?"

அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள். மகனிடம் சொன்னேன். "மரியாதைக்குத்தானே வச்சிருக்கா, விடுங்கப்பா" என்றான். படத்துக்கு நடு ஹால், ஆளுக்கு வாஷிங் மெஷின் பக்கம். இது எந்த ஊர் மரியாதை என்று நான் அவனைக் கேட்டேன், இப்போது இங்கேயும் கேட்கிறேன்.

அதன் பிறகு எனக்குச் சளிக்காய்ச்சல் வந்து சில நாட்கள் வகுப்புக்குப் போகவில்லை. வகுப்பில் என் பக்கத்து இடத்தில் உட்காருபவரை நாங்கள் ரேடியோ என்று கூப்பிடுவோம். அவரை நிறுத்தும் பொத்தான் இதுவரை யாருக்கும் அகப்படவில்லை. அவர் என்னை விசாரிக்க ஒரு மாலை வீட்டுக்கு வந்திருக்கிறார். மருமகள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஆபீஸ் வேலையாகப் பேசிக்கொண்டிருந்ததால், கதவைத் திறந்து உட்காரும்படி சைகை காட்டிவிட்டு அறைக்குள் போயிருக்கிறாள். நான் பின்னறையில் மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தேன். ரேடியோ ஹாலைப் பார்த்திருக்கிறார். என் நாற்காலி இல்லை. சுவரில் நான். சுற்றிலும் விளக்கு. படத்துக்கு முன் கொஞ்ச நேரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீட்டாரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று சத்தமில்லாமல் போய்விட்டார். அவர் ஆயுளில் சத்தமில்லாமல் செய்த ஒரே காரியம் அதுதான்.

அதன் பிறகு காய்ச்சல் விட்டதும், அதாவது சம்பவ நாளன்று, நான் வகுப்புக்குப் போனேன். போகக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. உள்ளே எல்லோரும் தலையைக் குனிந்து எழுந்து நின்றார்கள். யாரோ பெரிய மனிதர் காலமாகிவிட்டார் என்று நினைத்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசி வரிசையில் போய் நானும் தலையைக் குனிந்து நின்றேன். கொஞ்சம் பொறுத்து, பக்கத்தில் நின்ற தையல்காரம்மாவிடம் மெதுவாக, "யாரு போயிட்டாங்க?" என்று கேட்டேன். அவர் நிமிராமலே, "நம்ம டயர்க்காரர். நல்ல மனுஷன். வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். "எப்போ?" என்று கேட்டேன். அப்போதுதான் அவர் திரும்பினார். திரும்பியவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கரும்பலகையில் என் பெயரும், அதற்குக் கீழே எங்களை விட்டுப் பிரிந்த நண்பருக்கு எங்கள் கண்ணீர் அஞ்சலி என்ற வரியும் டீச்சர் கையெழுத்தில் இருந்தன. அந்த வரி ஓடவில்லை, நின்றது. ஆகவே ஒரே மூச்சில் படித்துவிட்டேன். நான் தடுமாறாமல் படித்த முதல் முழு வரி என் சாவுச் செய்தி. இதற்கு நான் சந்தோஷப்படுவதா, ஆத்திரப்படுவதா என்று நீங்களே சொல்லுங்கள். ரேடியோவிடம், "உள்ள ஒரு எட்டு எட்டிப் பார்த்திருக்கக் கூடாதாய்யா?" என்று கேட்டேன். "சேரைக்கூட எடுத்துட்டாங்க, படத்துக்கு விளக்கு எரியுது, அப்புறம் எதை எட்டிப் பார்க்கறது?" என்றார். யோசித்துப் பார்த்தேன். அவர்மேல் எனக்குக் குற்றம் தெரியவில்லை. அவர் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார். அந்த ஹாலைப் பார்த்த யாரும் அதைத்தான் சொல்வார்கள்.

அதன் பிறகு நேராக வீட்டுக்கு வந்தேன். ஹாலில் புகார்தாரர் தன் தொழில் விளம்பரத்துக்காகச் சுவரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். மருமகள் அவருக்கு டீ போட அடுக்களையில் இருந்தாள். நான் பின்னறைக்குப் போய் என் பெட்டியிலிருந்து ஸ்பானரை எடுத்துக்கொண்டு டிவி பக்கம் போனேன். அப்போது புகார்தாரர், "தாத்தா, நீங்க படத்துல வர்றீங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார்.

"அங்க தொங்கறதே நான்தான் தம்பி."

"அது டிசைன் தாத்தா. நீங்க தள்ளுங்க."

இந்தச் சொல்லைக் கேட்ட பிறகும் நான் ஸ்பானரால் போல்ட்டைத் தவிர வேறு எதையும் தொடவில்லை என்பதை இந்த ஸ்டேஷன் கவனிக்க வேண்டும். படம் கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருந்தது. போல்ட்டுகளைக் கழற்றினேன். படம் கைக்கு வரும் நேரத்தில் புகார்தாரர் ஓடிவந்து மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார். "விடுங்க தாத்தா" என்றார். "நீ விடு, இது என் மூஞ்சி" என்றேன். அவர் இழுத்தார். நான் பிடித்துக்கொண்டேன். டயர் தூக்கிய கை, அவ்வளவு சுலபத்தில் வராது. "விடுங்கன்னா விடுங்க" என்றார். சரி, இவ்வளவு தூரம் கேட்கிறாரே என்று விட்டேன். அவர் படத்தோடு பின்னால் போய்ச் சோபாவில் விழுந்தார். சோபா வழக்கம் போல அவரை விழுங்கியது. மடியில் என் முகம், அதில் இன்னும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சட்டத்தின் மூலை உரசி அவர் முழங்கையில் தோல் கிழிந்தது. விளக்கின் ஒயர் இழுபட்டதில் ஒரு பலகை பிளந்தது. அவரை எழுப்புவதற்காகக் கையைப் பிடித்து இழுத்தேன். அதைத்தான் தாக்கினார் என்று எழுதியிருக்கிறார். மறு கையில் ஸ்பானர் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு இழுத்திருக்கலாம், அவ்வளவுதான்.

அதன் பிறகு புகார்தாரர் ஸ்டேஷனுக்கு வந்தார், என்னையும் கூப்பிட்டு அனுப்பினார்கள், மருமகளும் கூட வந்தாள். விடுங்க, விடுங்க என்று புகார்தாரர் சொன்னது அடுக்களை வரை கேட்டதாக அவளே ரைட்டர் ஐயாவிடம் சொன்னாள். அதை மறைக்காமல் சொன்னது அவள் குணம். "உங்களுக்குப் பெருமையா இருக்கும்னு நினைச்சுத்தான் வச்சேன் மாமா. இப்படி ஆகும்னு நினைக்கலை" என்றும் சொன்னாள். அவள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று நான் நம்புகிறேன், அதையும் எழுதிவிடுகிறேன். "சரிம்மா, நாற்காலியை எடுத்தது யாருக்குப் பெருமை?" என்று கேட்டேன். அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

நான் மன்னிப்புக் கேட்டு, படத்தைப் பழைய இடத்தில் மாட்டச் சம்மதித்தால் புகாரை வாபஸ் வாங்குவதாகப் புகார்தாரர் சொல்லியிருக்கிறாராம். சம்மதமா என்று இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டார். முழங்கை கிழிந்ததற்கு வருத்தம் தெரிவிக்கிறேன். பிளந்த பலகையை நானே ஒட்டித் தருகிறேன். படத்தைக் கழற்றியதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். அது திரும்ப அந்த இடத்துக்குப் போகவும் சம்மதிக்க மாட்டேன். வழக்கு நடக்கட்டும் என்றால் நடக்கட்டும், வருகிறேன்.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். ஒன்று இருக்கிறது. படத்தை எறிய வேண்டாம், பின்னறையில் வாஷிங் மெஷினுக்கு மேல் மாட்டட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. பச்சை நாற்காலியை ஹாலில் டிவிக்கு எதிரே போடட்டும். படத்துக்குப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும்.

மேலே உள்ளது எல்லாம் நடந்தது நடந்தபடி. யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை, யாருக்கும் பயந்து எதையும் விடவில்லை. கடைசியில், படித்துக் காட்டக் கேட்டேன், சரி, என்று எழுத வேண்டும் என்று ரைட்டர் ஐயா சொல்கிறார். அப்படி எழுத முடியாது. நானே படித்தேன். சரி.

(கையொப்பம்)