வாங்காத பிஸ்கட்டின் விலை

— நடுரோட்டுல என் மானத்தைக் கப்பலேத்திட்டியே!

— நான் ஓரமாத்தான் நடந்தேன். நடுரோட்டுல நின்னது உங்க பஸ்ஸு.

— டிரைவர் உனக்காகத்தான் நிறுத்தினாரு! ஹாரன் அடிச்சாரு, கையைக் காட்டி ஏறச் சொன்னாரு. நீ என்னடான்னா கோழி விரட்டுற மாதிரி 'போங்க, போங்க'ன்னு கையை ஆட்டுறே. பஸ்ஸே எட்டிப் பார்க்குது. 'கண்டக்டர் பொண்டாட்டிக்குக் காலுதான் வண்டி'ன்னு பின்சீட்டுல ஒருத்தன் பாட்டே கட்டிட்டான்.

— உண்மையைத்தானே கட்டியிருக்கான். ஏறியிருந்தா டிக்கெட் யாரு எடுக்கிறது?

— நான் எடுத்திருப்பேன்.

— உங்க காசு வேற, என் காசு வேறயா இந்த வீட்டுல? ஆஸ்பத்திரி லாண்டரிக்கு வேலைக்குப் போக ஒண்ணு, திரும்பி வர ஒண்ணு. வீட்டுக்குள்ள வந்ததும், செருப்பைக்கூடக் கழட்டாம அந்த ரெண்டு டிக்கெட் காசையும் டப்பாவுல போட்டாச்சு.

— டப்பா, டப்பா! ஒரு காப்பித்தூள் டப்பாவை வச்சுக்கிட்டு மூணு வருஷமா என்னை ஆட்டிப் படைக்கிறே. சாமான் வாங்கினவங்க காசு கொடுத்துப் பார்த்திருக்கேன். வாங்காத பிஸ்கட்டுக்குக் காசு கட்டுற பொம்பளையை உன்னைத் தவிர நான் பார்த்ததில்லை.

— ஆமா, கட்டுறேன். கடையில பிஸ்கட்டைக் கையில எடுத்தேன், வேண்டாம்னு திருப்பி வச்சேன். அந்தக் காசை அன்னிக்கே டப்பாவுல போடலைன்னா அது மிச்சமில்லைங்க, வெறும் வாய்ப்பேச்சு. பொழுது சாயறதுக்குள்ள வேற எதுலயாவது கரைஞ்சிடும். ஏன், நீங்க கேன்டீன் டீயை விட்டீங்களே! ரெண்டு மாசமா அந்தக் காசு டப்பா பக்கமே வரலையே, எங்க போச்சு?

— அது... சில்லறைதானே. எங்கயோ போச்சு. இப்ப அதுவா முக்கியம்? தள்ளி உக்காரு, சோபாவுல எனக்கும் கொஞ்சம் இடம் விடு. இந்தா, இதுல ஒரு கையெழுத்துப் போடு.

— இது என்ன ஃபாரம்?

— ஃபைனான்ஸ் கம்பெனி ஃபாரம். கோபப்படாமக் கேளு. இவங்ககிட்டப் பெருசா ஒரு கடன் வாங்குறோம். மரக்கடைக்காரர் பாக்கியை மொத்தமா அவர் மூஞ்சியில விட்டெறியறோம். உங்கம்மா உனக்கு எழுதி வச்ச இந்த வீட்டுப் பத்திரத்தை அவர்கிட்டயிருந்து வாங்கி, இவங்ககிட்ட வச்சிடறோம். மேல கொஞ்சம் காசு நிக்கும். ஒரு பைக் எடுத்துக்கலாம். நீயும் நடக்க வேண்டாம், எனக்கும் கேலி இல்லை. கம்பெனி ஆள் நாலு மணிக்கு மரக்கடைக்கே வந்துடுறேன்னாரு. ரைட்டா?

— ரைட் இல்லை. விசிலை ஊதி வண்டியை நிறுத்துங்க.

— ஏன்? எல்லாம் ஒரே கடனாயிடும்டி.

— இதே வார்த்தை! அட்சரம் மாறலை! பெரிய சோபா வாங்கினீங்க. அதைவிடப் பெரிய டிவி. டிவிக்குத் தவணை கட்ட ஒரு கடன், அந்தக் கடனுக்கு வட்டி கட்ட இன்னொரு கடன். கடைசியில 'எல்லாம் ஒரே கடனாயிடும்'னு சொல்லித்தான் என் பத்திரத்தை மரக்கடையில கொண்டுபோய் வச்சீங்க. எங்கம்மா பாத்திரம் கழுவிக் கழுவிக் கட்டின ரெண்டு ரூமுங்க இது.

— அன்னிக்கும் நீ கையெழுத்துப் போட்டே, மறந்துடாதே.

— போட்டேன். அழுதுகிட்டே போட்டேன். அந்தக் கை போயிடுச்சு. இது மூணு வருஷமா ஆஸ்பத்திரிப் போர்வையைப் பிழிஞ்சு பிழிஞ்சு காய்ச்சுப்போன கை. இது போடாது.

— நீ பேசுவே. அந்த ஆள் மூஞ்சியை தினமும் பார்க்கிறது நான்! உன்கிட்ட இவ்வளவு நாள் சொல்லலை. மரக்கடைக்காரர் மொபெட்டை விட்டுட்டு ரெண்டு மாசமா என் பஸ்லதான் ஏறுறாரு. தினமும், ஒரே நேரத்துக்கு. எதுக்கு ஏறணும்? என்னை நாலு பேர் முன்னாடி பிடிக்கத்தான்!

— பிடிச்சாரா?

— எங்க விட்டேன்? அவர் முன்பக்கம் ஏறினா நான் பின்பக்கம் போயிடுவேன். அவர் பின்பக்கம் வந்தா நான் டிரைவர்கிட்ட ஒட்டிக்குவேன். அவரு தூரத்துல நின்னு சிரிக்கிறாரு. கடன் கொடுத்தவன் திட்டினாக்கூடப் பரவாயில்லை. சிரிச்சா எங்க போய் ஒளியறது?

— டிக்கெட்?

— என்ன டிக்கெட்?

— அவருக்கு டிக்கெட் கொடுக்கணுமே. காசு கேட்டீங்களா?

— எப்படிடி கேட்பேன்? அவ்வளவு கடனை வச்சுக்கிட்டு, 'ஐயா, டிக்கெட்டுக்குச் சில்லறை எடுங்க'ன்னு அவர்கிட்டப் போய் நிப்பேனா? டிக்கெட்டைக் கிழிச்சு அவர் கையில திணிச்சுட்டு ஓடிடுவேன். அவர் டிக்கெட்டுக்கு என் காசைக் கலெக்‌ஷன் பையில போட்டுடுவேன்.

— டீக் காசு.

— டீக் காசு.

— தினமும்?

— வார லீவைத் தவிர.

— எத்தனை டிக்கெட்?

— எண்ணலை.

— கண்டக்டர் எண்ணலை! நல்லா இருக்கு. நான் வெளியில வேர்த்து ஒழுக நடந்து டிக்கெட் காசை மிச்சம் பிடிக்கிறேன். அதே ரோட்டுல, அதே பஸ்ல, நீங்க கடன்காரருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறீங்க. என் கால் வலியை எங்க போய்ச் சொல்ல?

— பயம்டி. ஒத்துக்கறேன், பயம். ராத்திரி தூக்கமில்லை. உன் டப்பாவை நம்பினா இன்னும் எத்தனை வருஷம் இப்படி ஒளிஞ்சு ஒளிஞ்சு டிக்கெட் கிழிக்கிறது?

— எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவாங்களா?

— நீ போடலைன்னா போ. நாலு மணிக்கு நான் தனியாப் போறேன். அவர் கையைக் காலைப் பிடிச்சாவது பத்திரத்தை வாங்கி, கம்பெனி ஆள் கையில கொடுத்துட்டு, உன் கையெழுத்தை அப்புறம் பார்த்துக்கறேன்.

— தாராளமாப் போங்க. மரக்கடைக்காரர் உக்கார வச்சு டீ வாங்கிக் கொடுப்பாரு. பத்திரம் மட்டும் கொடுக்க மாட்டாரு.

— ஏன் கொடுக்க மாட்டாரு?

— இல்லாததை எப்படிக் கொடுப்பாரு? எழுந்திருங்க.

— எதுக்கு?

— எழுந்திருங்க சொல்றேன். நீங்க உக்கார்ந்திருக்கிற மெத்தையைத் தூக்குங்க.

— என்ன இது, பழைய உறை... ஏய். முத்திரை இருக்கு. உங்கம்மா கைநாட்டு இருக்கு. ஏய், இது பத்திரம்டி!

— அதேதான். ரெண்டு மாசமா அது மேல உக்கார்ந்துக்கிட்டுத்தான் கடனை நினைச்சுப் பெருமூச்சு விடுறீங்க.

— அப்ப கடன்?

— தீர்ந்துடுச்சு. வாங்காத பிஸ்கட், ஏறாத பஸ், வெட்டின டிவி கனெக்‌ஷன், சாயங்கால ஷிப்ட்டு சம்பளம். வாரா வாரம் சனிக்கிழமை மரக்கடை வாசல்ல கொண்டுபோய்க் கொட்டினேன். ஒரு வாரம் தப்பலை. மூணு வருஷத்துல ஒரு வாரம் தப்பலைங்க.

— ரெண்டு மாசமா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உனக்கு?

— தினமும் தோணுச்சு. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. உங்களைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழணும்போல இருந்துச்சு. ஆனா பயமா இருந்துச்சு. பத்திரம் சும்மாத்தானே கிடக்குன்னு மறுநாளே எங்கயாவது தூக்கிட்டுப் போவீங்கன்னு பயம். நீங்க கடனுக்குப் பயந்தீங்க, நான் உங்களுக்குப் பயந்தேன். இப்ப உங்க கையில இருக்கிற ஃபாரத்தைப் பார்த்துட்டுச் சொல்லுங்க, நான் பயந்தது தப்பா?

— தப்பில்லை.

— ம்.

— அப்ப அந்த மனுஷன் ஏன் என்னைப் பார்த்துச் சிரிச்சாரு?

— உங்க பொண்டாட்டி கடனை அடைச்சுட்டான்னு சந்தோஷம் அவருக்கு. நீங்கதான் பக்கத்துல விடாம ஓடுனீங்க. அவருக்குக் கண் ஆபரேஷன் ஆயிருக்கு, இனிமே வண்டி ஓட்டக் கூடாதுன்னுட்டாங்க. அதான் பஸ்ஸு.

— அடக் கடவுளே. சரி, கடன்தான் முடிஞ்சுதே, நீ இன்னிக்கு ஏன் நடந்தே? இன்னும் எதுக்குடி டப்பா?

— அந்த மொபெட் மரக்கடையில சும்மா நிக்குது. கடனுக்குக் கட்டின அதே காசை, அதே சனிக்கிழமை, அந்த மொபெட்டுக்குக் கட்டினேன். 'இப்பவே எடுத்துட்டுப் போம்மா, மெதுவாக் கொடு'ன்னாரு. மாட்டேன்னுட்டேன். முழுசாக் கொடுத்துட்டுத்தான் தொடுவேன்னேன். இப்ப லாண்டரியிலயிருந்து வர்ற வழியில கடைசிக் காசைக் கொடுத்துட்டு வந்தேன். இதோ சாவி.

— உனக்கு ஓட்டத் தெரியாதே! லைசென்ஸ்?

— போன மாசமே வாங்கியாச்சு. லாண்டரி அக்கா வண்டியில பழகினேன். ரெண்டு தடவை விழுந்தேன், முட்டியைப் பாருங்க. நாலு மணிக்கு மரக்கடைக்குப் போகத்தானே இருக்கீங்க? சேர்ந்தே போவோம். கம்பெனி ஆளுக்கு நானே பதில் சொல்லிக்கறேன்.

— இரு, முதல்ல இந்த ஃபாரத்தைக் கிழிச்சுப் போடுறேன்.

— கிழிக்காதீங்க! பின்பக்கம் வெள்ளையாக் கிடக்கு, மளிகைக் கணக்கு எழுத ஆகும்.

— நீ திருந்தவே மாட்டே.

— மாட்டேன்.

— நாளைக்குக் காலையில என்னை டிப்போவுல இறக்கி விடுவியா? கேட்கவே கூச்சமா இருக்கு. நீ பாடுபட்டுச் சேர்த்தது. என் பங்கு ஒத்தைக் காசு கிடையாது அதுல.

— யாரு சொன்னது? மரக்கடைக்காரர் ஓசியில போற ஆள் இல்லைங்க. நீங்க திணிச்ச நாப்பத்தெட்டு டிக்கெட்டையும் மடிப்புக் கலையாம எடுத்து வச்சிருந்தாரு. மொபெட்டோட கடைசித் தவணையில அந்த டிக்கெட் காசைக் கழிச்சுட்டுத்தான் வாங்கினாரு. பின்சக்கரத்துக்குப் புது டயர் போட்டது மிச்சமான அந்தக் காசுலதான்.