பல்செட்டுப் பேய்க்கு எத்தனை மார்க்?

அக்கா: ...ஷ்ஷ், பேசாத. மூணாவது மாடி ஏறிட்டிருக்கேன்.

தம்பி: பத்துக்கு எத்தனை மார்க் போடப் போற?

அக்கா: விளையாடி முடிக்காம எப்படிடா சொல்றது? விமர்சனம் சாயங்காலம்தானே பத்திரிகைக்குப் போகணும்.

தம்பி: சும்மா கேட்டேன். பழைய காலத்து கேம் மாதிரி இருக்கே... கட்டம் கட்டமா.

அக்கா: வேணும்னே அப்படிப் பண்ணியிருக்காங்க. பேய்தான் ஹீரோ. மாடி மாடியா தாவி ஏறி எல்லாரையும் பயமுறுத்தணும். அதுவே பயந்துட்டா பல்செட்டு தெறிச்சுடும். பல்லு போன பேய்க்கு எவன் பயப்படுவான்?

தம்பி: சிரிப்பு வந்துச்சா?

அக்கா: பல்செட்டு படிக்கட்டுல டொக்கு டொக்குன்னு உருண்டப்ப டீ மூக்குல ஏறிடுச்சு.

தம்பி: அத எழுதுவியா?

அக்கா: உனக்கு என்னடா இவ்ளோ அக்கறை?

தம்பி: எனக்கென்ன... பாவம், எவனோ வேலைய விட்டுட்டு உக்காந்து செஞ்சிருப்பான். உங்க பத்திரிகையில நல்லா வந்தாத்தான் நாலு பேர் வாங்குவாங்க.

அக்கா: வேலைய விட்டுட்டானா?

தம்பி: விட்டிருக்கலாம்னு சொன்னேன்.

அக்கா: தாவும்போதுதான் கொஞ்சம் வழுக்குது...

தம்பி: வழுக்கல. நீ பட்டனை சீக்கிரம் விட்டுடுற. அழுத்திப் புடி... ஐயோ, அலமாரிக்குப் பின்னாடி போகாத, கரப்பான்...

அக்கா: நீ இத விளையாடினதே இல்லேன்னியே?

தம்பி: அலமாரின்னா கரப்பான் இருக்காதா?

அக்கா: இரு, போய்ப் பாக்கறேன்.

தம்பி: வேணாம்க்கா... சவுண்டையாவது கொற.

அக்கா: வந்துடுச்சு... கேட்டியா, பேய் "எடு எடு எடு"ன்னு கத்துறத?

தம்பி: ...நல்லாத்தான் கத்துது.

அக்கா: கத்தாம என்ன? போன மாசம் அடுப்படியில கரப்பானைப் பாத்து நான் கத்தினதுடா அது.

தம்பி: அக்கா... நான் கேமுக்காகக் கதவு கிரீச்சுங்கறதப் பதிவு பண்ணிட்டிருந்தேன். நீயா வந்து கத்துன. வேலைய விட்டு ஆறு மாசமாச்சு... எப்படிச் சொல்றதுன்னு தெரியல. கோவமா?

அக்கா: முந்தாநாளே இந்தக் கத்தலைக் கேட்டுட்டு ஆசிரியர்கிட்ட சொல்லிட்டேன். செஞ்சது என் தம்பி, நான் மார்க் போட்டா நல்லா இருக்காதுன்னு. வேற ஒருத்தர் எழுதிட்டாரு. விமர்சனம் காலையிலயே வந்துடுச்சு. சாயங்காலம்னு சொன்னது உன் வாயைக் கிளறத்தான்.

தம்பி: அப்ப நீ இன்னும் எதுக்கு விளையாடுற?

அக்கா: அஞ்சாவது மாடி பாக்காம எப்படிடா எந்திரிக்கிறது?

தம்பி: அக்கா, மார்க்கு... எத்தனைன்னு சொல்லேன்.

அக்கா: ஒன்பது. பத்தே போட்டிருப்பாராம். அந்தக் கத்தல்தான் நம்பற மாதிரி இல்லையாம்... உலகத்துல எந்தப் பொம்பளையும் அப்படிக் கத்த மாட்டாளாம்.