கோரிக்கைக்குக் கடைசி நாள்

மழைக்காலத்தில் குண்டசாலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரக் கூடாது. கண்ணாடி இடுக்கால் தண்ணீர் உள்ளே வரும். அன்றைக்கு உட்கார்ந்துவிட்டேன். மத்தியானம் வரைக்கும் ஒரு பக்கத் தோள் ஈரமாகவே இருந்தது. அன்று நடந்ததைத்தான் இன்ஸ்பெக்டர் சேர் கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

நான் காணி சுவீகரிப்புப் பகுதியில் எழுதுவினைஞன். பெயர் கபிரியேல். வீதி அகலிப்பில் நிலத்தை இழக்கிறவர்கள் என் மேசைக்குத்தான் வருவார்கள். நட்டஈட்டுக் கோரிக்கையைக் குறித்த திகதிக்குள் கொடுக்க வேண்டும். எல்லாரும் அந்தத் திகதியைத்தான் கேட்பார்கள். சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

ஸ்ரனிஸ்லாஸ் அண்ணன் ஹேவாஹெட்டயில் தோட்ட வேலை செய்து ஓய்ந்தவர். உழைத்ததையெல்லாம் கொட்டி இங்கே வீடு கட்டினார். அந்த வீடும் வீதி அகலிப்பில் போகவிருந்தது. என்னோடு ஒரே கோயிலில் பூசை காண்பவர்.

"கடைசி நாள் எப்ப தம்பி?" என்று கேட்டார்.

"மாசக் கடைசி வரைக்கும் இருக்குண்ணே. அவசரமில்ல."

அது வேறொரு வீதிக்கான திகதி. தலையை நிமிர்த்தாமலே சொல்லிவிட்டேன். அவர் வந்து கொடுத்தபோது காலம் கடந்திருந்தது. கோரிக்கையைத் தள்ளிவிட்டு, தாங்கள் மதித்த தொகையை மட்டும் கொடுத்தார்கள். கிடைத்த நட்டஈட்டில் ஒரு அறைகூடக் கட்ட முடியாது. மீளாய்வுச் சபையில் மேன்முறையீடு செய்தார்.

"உங்க மேல குத்தம் சொல்லல தம்பி," என்றார் என்னிடம். "ஏன் பிந்துச்சுன்னு கேப்பாங்க. நீங்க சொன்னதத்தானே நான் சொல்லணும்?"

கோபப்பட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். விசாரணை அடுத்த கிழமை என்றிருந்தது. நான் ஓய்வு பெற இருந்த நேரம். பென்ஷன் போய்விடும் என்று பயந்தேன்.

நட்டஈட்டு விசாரணை ஒரு பக்கம் இருக்க, காணியைக் கையேற்கும் வேலை நிற்காது. அன்று காலை அதை மேற்பார்வை செய்ய என்னை அனுப்பினார்கள். சாமான்களை லொறியில் ஏற்றியாயிற்று. அவருடைய மகள் ஷிரோமி குடையோடு என்னிடம் வந்தாள்.

"அப்பா பின்னறையில படுத்திருக்காரு அங்கிள். நல்ல காய்ச்சல், எழும்ப முடியல. ஓட்டோ ஒன்னு புடிச்சிட்டு வந்துர்றேன். அதுவரைக்கும் பாத்துக்கங்க."

"போய்ட்டு வாம்மா," என்றேன்.

அவள் வளைவில் திரும்பும்வரை நின்றேன். வீட்டை இடிக்க வந்த பெக்கோ இயந்திரத்தை ஓட்டிய யுகேஷ் மேலேயிருந்து கேட்டான்.

"உள்ள யாரும் இருக்காங்களா சேர்?"

"எல்லாரும் போயிட்டாங்க. பின்பக்கத்துல இருந்து தொடங்கு."

அந்தப் பையனை விட்டுவிடுங்கள். அவன் கேட்கத்தான் செய்தான்.

அவர்மேல் எனக்குப் பகையில்லை. சபையில் என் பெயரைச் சொல்ல அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்திருக்கும். அந்த வயதில் வாடகை வீடு தேடி அலைந்திருப்பார். யோசித்துப் பார்த்தால் எல்லா வகையிலும் அவர் களைத்திருந்தார்.

இயந்திரம் சுவரைத் தொட்டதும் உள்ளேயிருந்து "தம்பி" என்று கூப்பிட்டார். யுகேஷுக்குக் கேட்டிருக்காது. நான் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றேன். மறுபடியும் கூப்பிட்டார். யுகேஷ் என்னைப் பார்த்தான். நான் கையை அசைத்து, போ என்று காட்டினேன்.

ஷிரோமியிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள் சேர். அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது.