தைக்காமல் விட்ட காயம்

தலைமையிருக்கைக்குப் பெருமை சேர்க்கும் மூத்த அறுவை மருத்துவர் அவர்களே, தழும்புகளையே பதக்கங்களாய்த் தாங்கி வந்திருக்கும் படைவீரர்களே, பிள்ளையைப் போருக்கு அனுப்பிப் பாதி உயிரோடு காத்திருந்த தாய்மார்களே, நாளை முதல் காயங்களுக்குக் காவல் நிற்கப்போகும் செவிலியச் செல்வங்களே, வணக்கம்!

நான் பள்ளிப்படி மிதித்தவள் அல்லள். படை மருத்துவமனையில் விரிப்புத் தைத்தவள். கைக்கு எட்டிய தாளையெல்லாம் படித்துத் தமிழ் கற்றவள். அத்தாள்கள் சொல்லின: குண்டுக்குத் தப்பியவனைச் சீழ் கொன்றது! கொதிக்கும் எண்ணெயைப் புண்ணில் ஊற்றினார்கள். குருதி தோய்ந்து விறைத்த அங்கியோடு அடுத்த உடலை அறுத்தார்கள். கைகழுவச் சொன்னவரை எள்ளினார்கள். பிறகு கழுவக் கற்றோம்; கருவிகளைக் கொதிக்கவைக்கக் கற்றோம். காத்திருக்கக் கற்றோமா?

படைக்கு லாரி ஓட்டிய என் தம்பியைத் தொடை பிளந்த நிலையில் கொண்டுவந்தார்கள். மருத்துவர் கழுவினார், செத்த தசையை வெட்டினார், தைக்காமலே துணி திணித்து மூடினார். கிழிசல் கண்டால் ஊசி எடுக்கும் கை இது! பொறுக்குமா?

"என்ன டாக்டர், தொடையத் திறந்த பையா விட்டுட்டுப் போறீங்க?"

"உள்ள திருடன் இருக்கானான்னு பாக்காம கதவைப் பூட்டலாமா அக்கா? அஞ்சு நாள் பொறுங்க."

சிரிக்கிறீர்களா அம்மா? அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பக்கத்துக் கட்டிலில் படைமுகாமின் சமையற்காரர். முன்களத்திலேயே அவசரமாய்த் தைத்து அனுப்பப்பட்ட கால். எறும்பு வரிசை போன்ற தையல்! "அண்ணே, தையல்னா இதுதான் தையல்!" என்று வாய்நிறையப் பாராட்டினேன்.

மூன்றாம் நாள் தம்பியின் உடல் சுட்டது. "பட்டன் தைக்காத சட்டையாட்டம் கிடக்குதேக்கா. நீயே தைச்சுடு" என்றான். ஊசியைக் கொதிநீரில் இட்டேன். எடுத்தேன். நூல் கோத்தேன். திணித்த துணியில் கைவைத்தேன்.

அப்பொழுது அடுத்த கட்டிலில் மருத்துவர் அந்த அழகுத் தையலைப் பிரித்தார். குபீரென்று அழுகல் வாடை! முழங்கால்வரை கறுத்துவிட்டது. "காலை எடுத்தாத்தான் உயிர் தங்கும்" என்றார். சமையற்காரர் என்னைப் பார்த்தார்.

"தையல் நல்லாத்தானே இருந்துச்சு தங்கச்சி?"

ஊசியிலிருந்து நூலை உருவினேன். இரண்டு நாள் தம்பியின் கட்டிலருகே அமர்ந்து, அவன் கெஞ்சலையும் என் கையின் துடிப்பையும் சேர்த்தே அடக்கினேன்.

ஐந்தாம் நாள் கட்டு அவிழ்ந்தது. சீழ் இல்லை, வாடை இல்லை, செக்கச் சிவந்த சுத்தத் தசை! மருத்துவர் தைத்தார்.

"கோணலா இருக்கே டாக்டர்" என்றேன்.

"இனி நீங்க எப்படி வேணும்னாலும் திட்டுங்கக்கா!"

செவிலியச் செல்வங்களே! மூடிய காயமெல்லாம் ஆறிய காயம் அல்ல. விரைந்து தைக்க ஆயிரம் கைகள் வரும். விழித்துக் காக்க உங்கள் கண்கள் வேண்டும்!

கடைசி வரிசையில் இருக்கும் தம்பீ, எழுந்து மேடைக்கு வா. பாருங்கள் பெரியோர்களே, அந்தக் கோணல் தையலோடு எவ்வளவு நேராக நடந்து வருகிறான்!

செவிகொடுத்த அவைக்கு நன்றி. காலை இழந்தும் என்னைக் கடிந்துகொள்ளாத அந்த அண்ணனுக்கு என் வணக்கம்.